தேரூர், சுசீந்திரம், வேம்பனூர் குளங்களுக்கு ஆண்டுதோறும் நிலையான நிதி ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தேரூர், சுசீந்திரம் பகுதி பொதுமக்கள் சார்பாக,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
தேரூர், அகஸ்தீஸ்வரம் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்,
நாகர்கோவில்.

பொருள்: ராம்சார் தலங்களான (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களான) எங்கள் பகுதிக் குளங்களைப் பாதுகாக்கவும், கரைகளில் மக்கள் நடக்க, பிள்ளைகள் பறவை பார்க்க எளிய வசதி செய்யவும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தேரூர்க்காரன். பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். தினமும் விடியற்காலையில் குளக்கரையில் நடப்பேன். என்னோடு நடக்கிற பத்துப் பதினைந்து பேரும் கரையை ஒட்டி வயல் வைத்திருப்பவர்களும் கூடிப் பேசி இந்த மனுவை எழுதியிருக்கிறோம்.

சுசீந்திரம் – தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் 2022-ல் ராம்சார் தலங்களாக அறிவிக்கப்பட்டன. முதலாவது ஏறத்தாழ 94 ஹெக்டேர், இரண்டாவது 20 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. செய்தி வந்த அன்று டீக்கடையில் இதே பேச்சுதான். நாம் துணி துவைத்த குளம், நீந்திப் பழகிய குளம், உலகப் பட்டியலில் ஏறிவிட்டதே என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அதற்குப் பிறகு கரையில் நிற்பவர்கள் கண்ணுக்குப் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை.

தாங்கள் ஒரு மார்கழிக் காலையில், ஆறரை மணிக்கு, முன்னறிவிப்பு இல்லாமல் தேரூர் குளத்துக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. மூடுபனி விலகும்போது கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்து வரும். வடக்கே எங்கிருந்தோ வந்த ஊசிவால் வாத்துகள் நடுக்குளத்தில் கூட்டமாகக் கிடக்கும். தாமரை இலைமேல் இலைக்கோழி நடப்பதைப் பார்க்க வேண்டும். நீண்ட விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, இலை அமுங்குவதற்குள் அடுத்த இலைக்குக் கால் மாற்றிவிடும். ஒருநாள் என் பேரன் அதைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் வாய் திறக்காமல் நின்றான். அவன் அப்படி நிற்பது வீட்டில் யாருக்கும் நம்பிக்கை வராத விஷயம்.

அங்கிருந்து பத்தடி நடந்தால் இரவோடு இரவாக யாரோ போட்டுவிட்டுப் போன கோழிக்கழிவுச் சாக்கு கிழிந்து கிடக்கும். அதை இழுக்கும் நாய்களுக்குப் பயந்து பெண்கள் அந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டார்கள். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் அனுப்பிவைத்தவர்கள், கரை இருந்தும், லாரி போகிற தார்ச்சாலை ஓரத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். ஒரு ஊருக்கு நல்ல காற்றும் பயமில்லாமல் காலாற நடக்க ஒரு இடமும் வேண்டும். அதற்குப் புதிதாக நிலம் எடுக்க வேண்டியதில்லை, குளக்கரையே இருக்கிறது.

பணம் ஒதுக்கினால் மட்டும் போதாது, எப்படி ஒதுக்குகிறோம் என்பதும் முக்கியம் என்று நான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவன். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊர்ச் சிறு குளம் ஒன்றை அழகுபடுத்தினார்கள். கரையெல்லாம் சிமெண்ட் கல் பதித்து, பெஞ்சு போட்டு, விளக்கும் நட்டார்கள். இரண்டு மழைக்காலம் போனது. அடிமண் அரித்துக் கல் உட்கார்ந்துவிட்டது; பெஞ்சைக் காட்டுச்செடி மூடிவிட்டது; ஆகாயத்தாமரை மறுபடி கரையைத் தொட்டுவிட்டது. ஏன் என்று விசாரித்தபோது, வேலைக்குத்தான் நிதி வந்தது, பராமரிப்புக்கு நிதி இல்லை என்றார்கள். கரை நெடுக நாணலில் கூடு வைத்த தாழைக்கோழிகளும் அங்கே திரும்பி வரவில்லை. ஆகவே, ஒரே தடவையில் பெருந்தொகை தந்துவிட்டு மறந்துவிடாமல், வருடாவருடம் தவறாமல் ஒரு சிறு தொகை வரும்படி செய்யுங்கள் என்பதே எங்கள் முதல் கோரிக்கை.

நிதி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தோம். நீர்வாழ் சூழல் பாதுகாப்புக்கான தேசியத் திட்டத்தில் மத்திய அரசு 60 சதவீதமும் மாநில அரசு 40 சதவீதமும் தருகின்றன. ராம்சார் தலங்களைச் சுற்றி வாழ்பவர்களுக்கு வருமானமும் சூழல் சுற்றுலாவும் வர வேண்டும் என்று 2023-24 மத்திய பட்ஜெட்டில் அம்ரித் தரோஹர் திட்டம் அறிவிக்கப்பட்டது. மாநிலத்தில் ஈரநில இயக்கம் இருக்கிறது. அப்புறம் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதி. நாஞ்சில் நாட்டு விவசாயி பேச்சில் சொன்னால், அணையில் தண்ணீர் கிடக்கிறது, எங்கள் மடைக்குத்தான் வந்து சேரவில்லை. கரைத் துண்டு ஒரு துறைக்கு, தண்ணீர் இன்னொரு துறைக்கு, குப்பை வேறொரு அமைப்புக்கு என்று பிரிந்து கிடப்பதால் யாரும் முழுத்திட்டம் எழுதி அனுப்புவதில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் ஒரே ஒரு அலுவலரை இந்தக் குளங்களுக்கென்று பொறுப்பாக்கி, திட்ட அறிக்கையை அவர் மூலம் அனுப்ப வேண்டுகிறோம்.

கனிமம் எடுப்பவர்கள் செலுத்தும் மாவட்ட கனிம அறக்கட்டளை நிதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு அதன் முன்னுரிமைப் பணிகளில் ஒன்று. ஆனாலும் அந்தப் பணத்தில் கனிமத் தொழிலால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கே முதல் உரிமை என்று நாங்கள் நினைக்கிறோம். கனிம மணல் எடுக்கும் மணவாளக்குறிச்சி சுற்றுவட்டாரக் குளங்களுக்கு அதைச் செலவிடுங்கள். எங்கள் குளங்களுக்கு மற்ற வழிகளில் தாருங்கள்.

விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 37 கோடி ரூபாயில் கண்ணாடிப் பாலம் கட்டி 2024 டிசம்பரில் திறந்தார்கள். குடும்பத்தோடு போய் நடந்தேன், மனம் நிறைந்தது. அதைப் பார்க்க நாகர்கோவில் வழியாக வருகிற வண்டிகள் சுசீந்திரம் குளத்தைத் தாண்டித்தான் போகின்றன. அவர்கள் அரைமணி நேரம் இறங்கி நின்று பார்க்க ஒரு ஓலைக்கூரை மறைவிடமும், பறவைகளின் பெயர் எழுதிய பலகையும் போதும்.

வேலை தொடங்கும்போது முதலில் குளங்களை அளந்து எல்லைக்கல் நட வேண்டும். 2017-ம் ஆண்டு ஈரநில விதிகள் ஆக்கிரமிப்பையும் குப்பை கொட்டுவதையும் தடை செய்கின்றன. கடந்த பத்தாண்டுகளின் சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை தவிர, நிரந்தரக் கட்டடமும் கூடாது என்கின்றன. கல் இல்லாத இடத்தில் அந்த 50 மீட்டரை எங்கிருந்து அளப்பது? 2021 நவம்பர் மழையில் மாவட்டம் பட்ட பாடு தங்கள் அலுவலகக் கோப்புகளில் இருக்கும். மறுகால் (மிகுதித் தண்ணீர் வெளியேறும் வழி) அடைபட்ட குளம் எந்தப் பக்கம் உடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கரை மண்கரையாகவே இருக்கட்டும். செம்மண் இட்டுக் கெட்டிப்படுத்திய நடைபாதை ஒரு பக்கத்தில் மட்டும் போதும். மறுபக்கத்தைப் பறவைகளுக்கும் நாணலுக்கும் விட்டுவிடலாம். இரவில் தண்ணீர்மேல் வெளிச்சம் விழும் விளக்குகள் வேண்டாம். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு நெல் போகங்களுக்கும் இந்தத் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் டிராக்டர் இறக்கவும் மடை திறக்கவும் வழி விட வேண்டும். நடக்க வருகிறவர்களுக்காக விவசாயியின் பாதையை அடைத்துவிடக் கூடாது.

மீன்பாசி குத்தகையை (குளத்தில் மீன் பிடிக்கும் உரிமைக் குத்தகையை) நாங்கள் தயக்கத்தோடுதான் சொல்கிறோம். பறவைகளை விரட்ட வெடி போடும் சத்தத்தை நானே பல விடியல்களில் கேட்டிருக்கிறேன். குத்தகை எடுத்தவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? அவர் பணம் கட்டியவர், அவர் மீனைத்தான் பறவை தின்கிறது. பறவை வரும் மாதங்களுக்குக் குத்தகைத் தொகையைக் குறைத்து, வெடியும் வலைத்தடுப்பும் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினால் இரு தரப்புக்கும் நியாயம் கிடைக்கும். மீதி வருகிற குத்தகைப் பணமும் அந்தந்தக் குளத்தின் பராமரிப்புக்கே திரும்ப வேண்டும்.

ஆகாயத்தாமரை அகற்றவும் கரை காக்கவும் உள்ளூர் ஆட்களையே சம்பளத்துக்கு வைக்க வேண்டுகிறோம். எந்த மடை எப்போது திறக்கும், எந்தப் பக்கம் ஆழம் என்று அவர்களுக்கு அத்துப்படி.

குளங்களை அளக்க நாள் குறித்தால் முன்கூட்டியே தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பழைய மறுகால் போன தடத்தையும் மூடிப்போன இரண்டு படித்துறைகளையும் அடையாளம் காட்டக்கூடிய பெரியவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். நாங்களே அவர்களைக் கரைக்கு அழைத்து வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரரும் ஊர்ப் பொதுமக்களும்,
தேரூர்.

இணைப்பு: பொதுமக்கள் கையொப்பங்கள், குளக்கரைப் புகைப்படங்கள்.