பேர்ணிலிருந்து ரவிக்கு

அன்பு மச்சான் ரவி,

உன் கடிதம் வந்து எத்தனையோ மாதம். பதில் போடாததற்கு நான் என்ன காரணம் சொன்னாலும் நீ நம்பப் போவதில்லை, விடு. அம்மா சுகம், முழங்கால்தான் படிக்கட்டைக் கண்டால் கோபிக்கிறது. பெரியவள் வேலைக்குப் போகிறாள். சின்னவனுக்குச் சும்மா இருக்கவே நேரம் போதவில்லை. உன் பென்சன் அலுவல் சரிவந்ததா? தவம் மாஸ்டரைக் கண்டால், முசுறு என்ற சொல்லைக் கேட்டால் இப்பவும் நான் காலை உதறுவேன் என்று சொல்லு. அவருக்கு விளங்கும்.

எறும்பு விசர் எனக்கு இன்னும் தெளியவில்லை. இங்கே சுவிஸில் கண்டர்ஸ்டேக் பக்கம் மலையில் பிடித்து வந்த மனிக்கா ரூபிடா ராணியைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? செம்மஞ்சள் நிறம், கொட்டினால் குளவி தோற்றுவிடும். மற்ற எறும்பு ராணிகள் பல, முதல் பிள்ளைகள் வெளியே வரும்வரை பட்டினியாகவே அறைக்குள் அடைந்து கிடக்கும். இவள் அப்படியில்லை. வெளியே வந்து தானே இரை தேடித் தின்றால்தான் குஞ்சு வளர்க்கத் தெம்பு வரும். அதனால் இலையானைப் பிடித்துத் துண்டாக்கிக் கொடுப்பது என் வேலை. ஐப்பசி தொடங்கிப் பங்குனிவரை பிரிட்ஜில் ஐந்து பாகையில் வைக்க வேண்டும். மனிசி இட்லிமாவை எடுக்கப் போய், பஞ்சு அடைத்த சோதனைக்குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அன்று வீட்டில் நடந்த கதையை நேரில்தான் சொல்ல வேண்டும். மலை எறும்புக்குக் குளிர் எதிரியில்லை மச்சான். மாரி முழுக்க எங்கள் வீட்டு ஹீட்டர் சூட்டில் வைத்தால்தான் அது கெட்டுப்போகும். உடனே "நாங்களும் அப்படித்தான்" என்று தத்துவம் எழுதிவிடாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு தூன் நகரில் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற வாத்தியார், எனக்கு எறும்பு வளர்ப்பில் குரு மாதிரி. நிலவறையில் வைன் போத்தல்களுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்திருந்தார். அடியில் பிளாஸ்டர், ஒரு மூலை மட்டும் ஈரம், மேலே சிவப்புக் கண்ணாடி. உள்ளே ஓடித்திரிந்தது சாதாரணக் கறுத்த டெட்ராமோரியம். இங்கே நடைபாதைக் கல்லிடுக்கில் வாழும் எறும்பின் மலைச் சொந்தம். இதைக் காட்டவா என்னை ரயிலில் வரவழைத்தீர் என்று கேட்க வாய் திறந்தேன். பேசாமல் உருப்பெருக்கியை என் கையில் தந்தார்.

ராணியின் முதுகில் இன்னும் இரண்டு ராணிகள் இருந்தார்கள்!

தாயைப் பற்றிக்கொண்ட குரங்குக்குட்டி மாதிரி, காலால் இறுக்கிப் பிடித்தபடி. ஒவ்வொன்றும் இரண்டரை மில்லிமீட்டர் வரும். வயிற்றின் அடிப்பக்கம் உட்குழிந்திருப்பதால் வீட்டுக்கார ராணியின் வளைந்த முதுகோடு சப்பென்று பொருந்தி உட்காருகிறது. மேலே இருந்ததன் வயிறு முட்டை நிறைந்து ஊதி, வளையங்களுக்கு நடுவே தோல் வெள்ளையாக இழுபட்டு மினுங்கியது. ஒரு வேலைக்காரி எறும்பு ஓடி வந்து தன் சொந்த ராணியை ஒருக்கா நக்கிவிட்டு, மேலே ஏறி மற்ற இரண்டையும் ஆறுதலாக நக்கிக்கொண்டு நின்றது. பார்க்க எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

முதுகில் இருந்ததுதான் டெலூட்டோமிர்மெக்ஸ் என்ற ஒட்டுண்ணி எறும்பு. 1949இல் எறும்பு ஆராய்ச்சியாளர் ஹைன்ரிக் குட்டர் சாஸ்-ஃபே பக்கத்தில் கண்டுபிடித்தது. வாலே மாநிலத்து மலைச்சரிவு, வெயில் காயும் தட்டைக் கல்லுகளுக்குக் கீழே. பிறகு பிரெஞ்சு அல்ப்ஸிலும் பிரனீஸ் மலைகளிலும் அங்கொன்று இங்கொன்றாகக் கண்டிருக்கிறார்கள். 2015இல் வகைப்பாட்டுக்காரர் பழைய பேரை எடுத்துவிட்டு, வீட்டுக்காரியின் பேரினமான டெட்ராமோரியத்துக்குள்ளேயே இதையும் சேர்த்துவிட்டார்கள். பெரியவர் அதை ஒத்துக்கொள்வதில்லை, பழைய பேர்தான் சொல்வார்.

இதில் வேலைக்காரச் சாதியே கிடையாது. வீடு கட்டத் தெரியாது, குஞ்சு வளர்க்கத் தெரியாது, தாடையில் பலமில்லை, கொடுக்கும் நஞ்சும் பேருக்குத்தான். தெரிந்ததெல்லாம் முதுகில் ஏறுவதும் முட்டை போடுவதும். முற்றிய ராணி அரை நிமிடத்துக்கு ஒரு முட்டை போட்டதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே ராணியின் மேல் எட்டுவரை ஏறியிருந்ததும் பதிவாகியிருக்கிறது. அப்படியானால் கீழே இருப்பவள் எப்படி அசைவாள்? ஆனால் அவளைக் கொல்லுவதில்லை. அவள் போடும் முட்டையிலிருந்து வேலைக்காரிகள் வரவேண்டும், இவர்களுக்குச் சோறு ஊட்ட. அவளுக்கென்று இளம் ராணிகள் மட்டும் வருவதில்லை.

எங்கள் பழைய கூட்டத்தில் இந்த வேலையை யார் செய்தவர் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேர் எழுதவில்லை. இப்போது கனடாவில் நல்லாயிருக்கிறான்.

பகிடியை விடுவோம். பெரியவர் வருகிற மாதம் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். அங்கே நிலவறை இல்லை. "பெட்டியை நீ எடு" என்றார். அவ்வளவு சாதாரணமாக.

மச்சான், எனக்குக் கை நடுங்கியது. எறும்பு வளர்ப்பவர்களில் இதைக் கண்ணால் கண்டவர்களே கொஞ்சம். ஓம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்புறம் வரும் வழியில், ரயில் முழுக்க, ஒரே யோசனை.

அந்தப் பெட்டிக்குள் வளருவது ஒரு எறும்பில்லை. வீட்டுக்காரியையும் அவள் பிள்ளைகளையும் வளர்த்தால்தான் மேலே இருப்பவர்கள் இருப்பார்கள். அந்த வீட்டுக்காரி கிழவி. அவள் செத்தால் அவளுக்குப் பதில் ஆளில்லை. இளம் ராணி பிறக்கவே வழியில்லாமல் முதுகில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மலையில் என்றால் அதனால் ஒன்றுமில்லை. இவர்களின் மகள்கள் கூட்டுக்குள்ளேயே தம் சகோதரர்களோடு சேர்ந்துவிட்டு, சிலர் அதே முதுகில் ஏறுவார்கள், சிலர் வெளியே போய் அடுத்த கல்லுக்குக் கீழே வேறு டெட்ராமோரியம் கூட்டில் புகுந்துவிடுவார்கள். பெட்டியில் அடுத்த கல் எங்கே? நான் எவ்வளவு கவனமாகத் தேன்தண்ணீரும் வெட்டுக்கிளித் துண்டும் வைத்தாலும், அந்தக் கிழவி இருக்கும்வரைதான் எல்லாம். பக்கத்தில் புதுக் கூடு வைத்துப் பழக்கலாம் என்று பெரியவர் சொன்னார். தானும் அதைச் செய்து பார்த்தாராம், புகப்போன இளம் ராணிகளைப் புதுக் கூட்டு வேலைக்காரிகள் வாசலிலேயே கடித்துக் கொன்றுவிட்டார்களாம்.

செங்காட்டெறும்பை இந்த நாட்டுச் சட்டம் 1966இலிருந்து காக்கிறது, அதன் குவியலில் யாரும் கை வைக்க முடியாது. காட்டில் இடுப்புயரத்துக்கு மேடு கட்டினால் எல்லாருக்கும் கண்ணில் படும். கல்லுக்குக் கீழே இன்னொருத்தியின் முதுகில் இரண்டரை மில்லிமீட்டரில் இருப்பவளை யார் காணப் போகிறார்கள்? ஆயிரம் பிராங்க் நோட்டின் பின்பக்கத்தில் எறும்பு அச்சடித்த நாடு இது, முன்பக்கத்தில் எறும்பு ஆராய்ச்சியாளர் ஓகுஸ்ட் ஃபோரெல். நான் வந்த புதிதில் அந்த நோட்டு புழக்கத்தில் இருந்ததாம். நாங்கள் எங்கே கண்டோம்.

என் எண்ணம் இதுதான். ஆனி மாதம் அந்தச் சரிவில் பனி போய்விடும். பெரியவரையும் பெட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு சாஸ் பள்ளத்தாக்குக்குப் போய், அவர் எடுத்த அதே இடத்தில், அதே மாதிரிக் கல்லுக்குக் கீழே மொத்தக் கூட்டையும் விட்டுவிடுவது. எடுத்த கல்லைத் தனக்கு அடையாளம் தெரியும் என்கிறார். அதுவரை பெட்டி என் நிலவறையில். ஆனால் அந்த "அதுவரை" என்ற சொல்லில்தான் எனக்கு என்மேல் நம்பிக்கையில்லை. உருப்பெருக்கியோடு இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தால் ஆனி வந்ததே தெரியாத ஆள் நான். உனக்கும் அது தெரியும், கமலா டீச்சரின் ஆமையை யார் திருப்பிக் கொடுத்தது?

வெள்ளிக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். மனிசியிடம் கேட்டேன், "இருக்கிற எறும்பு காணாதா?" என்றாள். நீ முப்பது வருசம் உயிரியல் படிப்பித்தவன், ஒழுங்காக யோசித்து எழுது. போன் எடுக்காதே. போனில் நீ சிரித்தே தப்பிவிடுவாய்.

அன்புடன்,
சிவா