என் உறையில் மட்டும் ‘மருத்துவ உதவி’

ராமநவமி இசைவிழாக் குழுவினருக்கு,

வணக்கம். உங்களில் பாதிப்பேர் அல்சூர் தமிழர்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். நான் யார் என்று சொல்லத் தேவையில்லை. இருபது வருடமாக உங்கள் பந்தலில் வயலின் பக்கவாத்தியம் வாசித்தவள். எனக்கு வந்த வியாதியும் உங்களுக்குத் தெரியும்; அதை மைக்கில் ஊருக்கே சொன்னவர்கள் நீங்கள்தான்.

இந்த வருடம் அழைத்தீர்கள், சந்தோஷமாக வந்தேன். பொன்னாடை போர்த்தினீர்கள். மார்பில் கட்டி, எத்தனை கீமோ, முடி எப்போது கொட்டியது என்பது வரை காரியதரிசி விவரித்தார். பத்து நிமிடம் அதற்கே போனது. அப்புறம், "ரெண்டு துக்கடா மட்டும் வாசிங்கம்மா, சிரமப்படாதீங்க" என்றார். அந்தச் சின்ன உருப்படிகளை வாசித்தேன். இறங்கும்போது கையில் ஓர் உறை. வீட்டு விளக்கில் பார்த்தால் அதன்மேல் கன்னடத்தில் ‘வைத்யகீய நெரவு’ என்றிருந்தது. மருத்துவ உதவியாம். கூடவே ஆட்டோவில் வந்த மிருதங்கத் தம்பியின் உறையில் ‘சம்பாவனை’, அதாவது சன்மானம்.

நான் கேட்பது ஒன்றுதான். வாசித்ததற்குச் சன்மானம் கொடுங்கள், முழுக் கச்சேரி கொடுங்கள்.

பாக்லிடாக்செல் என்ற மருந்து உயிரைக் காப்பாற்றியது, கை கால் விரல்களை மரத்துப்போக வைத்தது. பலருக்கும் வருகிற பக்கவிளைவுதான். ஆனால் நம் வயலினை மேற்கத்தியர்போலத் தாடையில் இறுக்கிப் பிடிப்பதில்லை. அதன் சுருள்முனை வலது பாதத்தில் உட்காரும். அப்போதுதான் இடது கை, ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு மேலும் கீழும் தாராளமாக ஓடும். எனக்கோ தந்தியில் விரல் பட்டதும் தெரியவில்லை, பாதத்தில் வயலின் இருப்பதும் தெரியவில்லை. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி அரிசி டப்பாவுக்குள் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு துழாவுவேன். முதல் வாரங்களில் கிடைக்கவே கிடைக்காது. டப்பாவைக் கவிழ்த்துத்தான் எடுப்பேன். இன்னொரு பக்கம் சரளி வரிசையிலிருந்து மறுபடி ஆரம்பம், பத்து வயதுப் பிள்ளைபோல. நான்கு மாதம் கழித்து ஒருநாள் காலையில் ஒரு வர்ணம் இரண்டு கால வேகத்திலும் சுருதி விலகாமல் வந்தது. அந்த நான்கு மாதத்துக்குப் பொன்னாடை வேண்டாம், கச்சேரி வேண்டும்.

நான் வானொலி நிலைய வித்வான் இல்லை. மாதச் சம்பளம், பி.எஃப்., பென்ஷன் எல்லாமே எனக்குக் கச்சேரிதான். வயலின் வித்வான் சௌடையா அந்தக் காலத்தில், கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று வயலினில் ஏழு தந்தி போட்டு வாசித்தார். அவர் நினைவாக வயலின் வடிவத்திலேயே மண்டபம் கட்டிய ஊர் இது. கான்கிரீட் வயலினுக்கு அத்தனை மரியாதை! மர வயலின்காரியின் பெயருக்கு உங்கள் பேனரில் இடமில்லை. விளம்பரம் கொடுத்த அப்பளக் கடைக்கு ஆறடி இடம். சரி, அது வேறு கதை. கோபத்தில் எழுதுகிறாள் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் கோபம்தான்.

அடுத்த வருடப் பட்டியலில், இரண்டரை மணி நேரக் கச்சேரி ஒன்றுக்குப் பக்கவாத்தியமாக என் பெயரைத் தயவுசெய்து சேருங்கள். மற்ற வயலின்காரர்களுக்குத் தருகிற அதே சன்மானம் போதும், அதற்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம். வாசிப்பு சரியில்லை என்றால் அதற்கடுத்த வருடம் கூப்பிடாதீர்கள். எல்லாரையும் அப்படித்தானே கழிக்கிறீர்கள். மேடையில் என் பெயரையும் வாத்தியத்தையும் சொன்னால் போதும்.

உறையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஐயாயிரமும் அப்படியே இருக்கிறது. மேலே ஒட்டியிருந்த ஒரு ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டேன். அன்றிரவு ஆட்டோ இருட்டில் விரல் பட்டதுமே அது நாணயம் என்று தெரிந்தது. இப்போது அரிசி டப்பாவில் கிடக்கிறது.

மரியாதையுடன்,
உங்கள் பழைய வயலின்காரி
அல்சூர், பெங்களூரு