ரோஸ் ரகம் உருவாக்குறவங்களுக்கு ஒரு திறந்த மடல்: வாசனையையும் செலக்‌ஷன்ல சேருங்க

வணக்கம்.

கட் ஃப்ளவருக்குன்னு, அதாவது காம்போட வெட்டி விக்கிறதுக்குன்னு, புது ரோஸ் ரகம் கொண்டு வர்ற எல்லா பிரீடர்களுக்கும் இதை எழுதுறேன், வெளிநாட்டு கம்பெனில இருந்தாலும் சரி, நம்ம ஊர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துல இருந்தாலும் சரி. நான் பூக்கடை வச்சிருக்கேன், பெரும்பாலும் ஓசூர்ல இருந்து வர்ற ரோஸ் தான் விக்கிறேன். நீளக் காம்பு, கெட்டியான மொட்டு, பெட்டில அடுக்கி வந்தாலும் இதழ் கசங்குறதில்ல, அதுக்கெல்லாம் உங்களுக்கு நன்றி சொல்லியே ஆகணும். ஆனா கடைக்கு வர்றவங்க ரோஸை எடுத்ததும் முதல்ல மூக்குகிட்ட தான் கொண்டு போறாங்க, மோந்து பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னதும் "பன்னீர் ரோஸ் இருக்காண்ணா"ன்னு கேக்குறாங்க, அது பொக்கேக்கு ஆகாது, காம்பு குட்டை, கட்டி முடிக்கிறதுக்குள்ள இதழ் உதிர ஆரம்பிச்சுரும்.

நாள் தாங்கணும்னா வாசனையை விட்டுத்தான் ஆகணும்னு ரொம்ப காலமா சொல்றாங்க. அதோட விஷயம் முடிஞ்சுதுன்னு என்னால ஏத்துக்க முடியல, ஏன்னா வாசனை எப்படி வருதுன்னு இப்ப நிறைய தெரிஞ்சிருக்கு. 2015ல 'சயின்ஸ்' இதழ்ல பிரான்ஸ் ஆய்வாளர்கள் ரெண்டு சிவப்பு ரோஸை ஒப்பிட்டு எழுதினாங்க, ஒண்ணு 1963ல வந்த பாப்பா மெய்யான், கமகமன்னு மணக்கும், இன்னொண்ணு ரூஷ் மெய்யான், அதுல மணம் இல்ல. நுடெக்ஸ்1-ன்னு ஒரு ஜீன் முதல் ரோஸோட இதழ்ல மும்முரமா வேலை செய்யுது, ரெண்டாவதுல கிட்டத்தட்ட சும்மா கிடக்கு. இந்த ஜீன் குடும்பம் உண்டாக்குற என்சைம்கள், பாக்டீரியாவுக்குள்ள டிஎன்ஏ கட்டுற சரக்குல கெட்டுப்போனதை ஒழிச்சு சுத்தம் பண்றதுக்குப் பேர் போனது. ரோஸ்ல அதுல ஒண்ணு, ஜெரானைல் டைபாஸ்பேட்ங்கிற மூலப்பொருள்ல இருந்து ஒரு பாஸ்பேட்டை வெட்டி விடுது, மிச்சம் இருக்குற பாஸ்பேட்டும் போனா ஜெரானியால், ரோஸ் வாசனைன்னு நாம சொல்றதுல முக்கியமான ஆளு. திருநீற்றுப்பச்சிலை இதே ஜெரானியாலை வேற என்சைம் வச்சு செய்யுது, ரோஸ் தனக்குன்னு தனி வழி போட்டு வச்சிருக்கு, எனக்கு இதைப் படிச்சப்ப அவ்வளவு சந்தோஷம்.

ஒரு ஜீன் மட்டும் பத்தாதுன்னு தெரியும். டீ ரோஸ்னு ஒரு ரோஸ் வகை இருக்கு, அதோட வாசனைக்கு சீன ரோஸ் வழியா வந்த ஓஓஎம்டி ஜீன்கள் வேற இருக்கு. இதையெல்லாம் மேல இருந்து நடத்துற ஜீன்களும் உண்டு. பெட்டூனியாங்கிற பூச்செடில ஓடோரன்ட்1-ன்னு ஒண்ணை 2005ல கண்டுபிடிச்சாங்க, அதை அடக்குனா வாசனையே படுத்துருது, அது காலைல வேலை செய்யாம செடியோட உள் கடிகாரத்துல இருக்குற எல்எச்ஒய்ங்கிற ஜீன் பிடிச்சு வைக்குது, அதனால தான் பெட்டூனியா ராத்திரி மணக்குது.

கலரா மணமாங்கிற கேள்வியும் வரும். 2002ல இஸ்ரேல்ல கார்னேஷன்ல நிறத்துக்கான ஒரு ஜீனை அடக்குனப்ப கலர் வெளிறிப் போச்சு, மணம் கூடுச்சு, ரெண்டுக்கும் மூலப்பொருள் ஒண்ணுங்கிறதால. ஆனா அதே நாட்டுல 2012ல ரோஸ்ல பாப்1-ங்கிற ஜீனைச் சேத்தப்ப கலர் பொருளும் கூடுச்சு, வாசனைப் பொருளும் கூடுச்சு. அப்ப ஒண்ணை விட்டாத்தான் இன்னொண்ணுன்னு எப்பவும் கிடையாது.

ரோஸோட முழு ஜீனோமும், அதாவது மொத்த ஜீன் தொகுப்பும், 2018ல வெளியாயிருச்சு. உங்க கிட்ட லேப் இருக்கு, ஆயிரக்கணக்குல நாத்து இருக்கு. முதல் பூ பூக்குறப்ப காம்பு நீளம், முள்ளு, மொட்டு சைஸ் குறிக்கிற அதே நோட்டுல வாசனைக்கும் ஒரு கட்டம் போடுங்க. இன்னொண்ணு, செடில மணந்தா மட்டும் பத்தாது. எங்களுக்கு வர்றது மொட்டா வெட்டி, 2 முதல் 4 டிகிரி கூலிங்ல கிடந்து, வாளித் தண்ணில நின்னு மெதுவா விரியிற பூ. அங்க மணக்குதான்னு பாருங்க, நுடெக்ஸ்1 மாதிரி வாசனை ஜீன் அந்த நேரத்துலயும் வேலை செய்யுதான்னு இதழை எடுத்து டெஸ்ட் பண்ணுங்க, நல்லா மணக்குறதை அடுத்த கிராஸுக்குப் பெற்றோரா வைங்க.

கேட்டலாக்ல "லேசான நறுமணம்"னு போடுறது எங்களுக்கு ஒண்ணும் உதவல. விரிஞ்ச ரெண்டாம் நாள் எவ்வளவு மணக்குதுன்னு அளந்து போடுங்க. ரெண்டு நாள் முன்னாடியே வாடுனாலும் கஸ்டமர்கிட்ட சொல்லியே விப்பேன், விலை கூடுனாலும் எடுத்துக்குறேன். டிரையல்ல இருக்குற வாசனை ரகத்தை பண்ணைக்கு மட்டும் அனுப்பாம எங்களை மாதிரி கடைகளுக்கும் ஒரு பஞ்ச் அனுப்பி வைங்க, வர்றவங்க என்ன சொன்னாங்கன்னு அப்படியே எழுதி அனுப்புறேன்.

இப்படிக்கு,
ஒரு பூக்கடைக்காரன்