காதலனுக்கும் ஒத்திகை வேண்டும்

பாலே குழுக்களின் கலை இயக்குநர்களுக்கும் ஒத்திகை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். ‘ஜிசெல்’ பாலேயில் ஆல்பிரெக்ட் வேடம் ஆடுகிறவன் நான். ஒரு கோரிக்கைக்காகத்தான் இந்த மடல், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காதல் நாயகன் வேடத்தை எங்களிடம் கொடுக்கும்போது ஜோடி யார் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஸ்டெப் எதுவும் இல்லாத இடங்களுக்கும் ஒத்திகை நேரம் ஒதுக்குங்கள்.

நடப்பது என்னவென்று உங்களுக்கே தெரியும். இரண்டாம் அங்கத்தின் தனி நடனத்தை நாள்கணக்கில் தீட்டுகிறோம். பாதம் முழுசாக நீண்டதா, ஐந்தாம் நிலையில் சுத்தமாக இறங்கினோமா என்று ஒவ்வொன்றையும் பார்க்கிறீர்கள். முதல் அங்கத்துக் காட்சிகள் வந்ததும், “அது நடிப்புதானே, நீங்களே பேசி வைத்துக்கொள்ளுங்கள்” என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. நான் ஆடிய ஒரு குழுவில், ஜோடி யார் என்பதே மேடையேறும் வாரத்தில்தான் தெரிந்தது. தூக்கும் இடங்களைச் சரிபார்க்க மட்டும்தான் நேரம் இருந்தது. யாரும் கீழே விழவில்லை. காதலும் தெரியவில்லை.

அந்த முதல் அங்கத்தில்தான் வேடமே இருக்கிறது. ஆல்பிரெக்ட் ஒரு பிரபு, ஏற்கெனவே நிச்சயமானவன், குடியானவன் வேஷத்தில் வந்து ஜிசெல் என்ற கிராமத்துப் பெண்ணோடு பழகுகிறான். பெஞ்சுக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் பாவாடையை அகல விரித்து உட்கார்ந்துவிடுகிறாள், அவனுக்கு இடமில்லை. கெஞ்சிக் கொஞ்சி ஓரமாக உட்கார்கிறான். அப்புறம் பூ வருகிறது. “காதலிக்கிறான், காதலிக்கவில்லை” என்று அவள் இதழ் இதழாகப் பிய்த்துப் பார்க்கிறாள். கணக்கு தப்பாக முடியப்போகிறது என்று தெரிந்ததும் பூவைப் போட்டுவிட்டு விலகுகிறாள். அவன் அதை எடுத்து, அவளுக்குத் தெரியாமல் ஓர் இதழைக் கிள்ளிப் போட்டுவிட்டு, “பார், சரியாகத்தானே வருகிறது” என்று காட்டுகிறான்.

அரங்கம் சிரிக்கும். ஆனால் அவன் எப்படிப்பட்டவன் என்பது அந்த ஓர் இதழில் முடிவாகிவிடுகிறது. பழகிய கையாகச் சட்டென்று கிள்ளினால், இதற்கு முன்பும் பல பெண்களிடம் இதே வித்தையைக் காட்டியவன். ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, அவள் வாட்டத்தைப் போக்க வேறு வழி தெரியாமல் கிள்ளினால், பின்விளைவு யோசிக்காத இளைஞன். நான் இரண்டாவது ஆளைத்தான் ஆடுகிறேன், ஏனென்றால் இரண்டாம் அங்கத்தில், இறந்துபோன ஜிசெல்லின் கல்லறைக்கு வரும் ஆல்பிரெக்ட்டை அவனிடமிருந்துதான் என்னால் எட்ட முடிகிறது. ஆனால் ஜிசெல் எப்போது முகத்தைத் திருப்புகிறாள், எவ்வளவு நேரம் அப்படியே நிற்கிறாள் என்பது தெரியாமல் இதை நான் மட்டும் முடிவு செய்ய முடியாது. இசையோ நமக்காக நிற்காது. இதைத்தான் நீங்கள் “பேசி வைத்துக்கொள்ளுங்கள்” என்கிறீர்கள்.

அங்கத்தின் கடைசியில், அவனுக்கு நிச்சயமான பாதில்ட் கையில் முத்தமிடும் இடமும் இப்படித்தான். குனியும்போது ஜிசெல் நிற்கும் பக்கம் நான் பார்ப்பதில்லை. பார்த்தால் மன்னிப்புக் கேட்பதாக ஆகிவிடும், அந்த நேரத்தில் அவனுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. இன்னொருவர் நேருக்கு நேர் பார்த்தபடி குனியலாம், அதுவும் பொருந்தும். எந்த முடிவும் எடுக்காமல் எண்ணிக்கைக்குக் குனிந்து எழுந்திருப்பதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

இரண்டாம் அங்கத்தில் நிலைமை தலைகீழ். அங்கே தொழில்நுட்பமே நடிப்பு. அவள் ஆவி, அவன் முதலில் தழுவுவது வெறும் காற்றை. பிறகு அவளைத் தூக்கும்போது பாரம் என் முகத்திலோ தோளிலோ தெரிந்தால், பார்ப்பவர்களுக்கு ஆவி மறைந்து சதையும் எலும்புமான ஒரு பெண் தெரிவாள். அவள் மூச்சை இழுத்து எழும்பும் அதே நொடியில் நான் தூக்கினால்தான் எடை தெரியாது. அந்த மூச்சைப் பழக நாளாகும். காற்றில் கால்களைப் பின்னிப் பின்னி அடிக்கும் ஆந்த்ரெஷா சீஸ் வரிசையைப் பல குழுக்கள் இந்த அங்கத்தில் வைக்கின்றன. கைதட்டல் அள்ளும் இடம், மறுக்கவில்லை. ஆனால் ஆவிகளின் ராணி மிர்தா அவனைச் சாகும்வரை ஆடச் சொல்லியிருக்கிறாள். ஆடி முடித்து மார்பை நிமிர்த்தி நிற்கிறவன் பரிசு வாங்க வந்தவன், ஆல்பிரெக்ட் இல்லை.

ஜோடி என்பது உயரமும் எடையும் பொருந்தும் சமாச்சாரம் மட்டும் இல்லை என்பதற்கு உங்கள் துறையின் வரலாறே சாட்சி. 1895-இல் பீட்டர்ஸ்பர்க்கில் ‘ஸ்வான் லேக்’ புது வடிவில் மேடையேறியபோது இளவரசனாக வந்த பாவெல் கெர்ட்டுக்கு வயது 50. ஏரிக்கரை நடனத்தில் அன்னத்தைத் தாங்கிப் பிடிப்பதில் நண்பன் பென்னோவும் பங்குபோட்டுக்கொண்டான். காதலிப்பவன் ஒருவன், கைகொடுக்க இன்னொருவன். இன்று சிரிப்பாக இருக்கலாம், ஆனாலும் காதலனாக நிற்கத் தெரிந்தவர் மேடையில் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். 1962-இல் லண்டனில் ‘ஜிசெல்’ ஆடியபோது நாயகி மார்கோ ஃபான்டெய்னுக்கு வயது 42, நாயகன் ருடால்ஃப் நூரியெவுக்கு 23. அந்த ஜோடி அதன்பிறகும் பல ஆண்டுகள் சேர்ந்து ஆடியது.

1965-இல் நடன அமைப்பாளர் கென்னத் மெக்மில்லன் ‘ரோமியோ ஜூலியட்’டை லின் சீமோர், கிறிஸ்டோபர் கேபிள் இருவரையும் வைத்துத்தான் உருவாக்கினார். முதல் நாள் மேடை என்னவோ ஃபான்டெய்ன்–நூரியெவ் ஜோடிக்குப் போனது. அந்தக் கதையை இங்கே கிளறவில்லை. அந்த பாலேயின் மூன்றாம் அங்கத்தில் ஜூலியட் கட்டில் விளிம்பில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள், ப்ரோகோஃபியெவின் இசை மட்டும் பொங்கி எழுகிறது. ஒரு ஸ்டெப்கூடக் கிடையாது. அவளுக்குள் ஒரு முடிவு உருவாவதைப் பார்க்கிறோம். ஒத்திகை அட்டவணையில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

இன்னொன்று, தொடுதல் பற்றி. முத்தமும் தழுவலும் வரும் இடங்களில் “இயல்பாக வரட்டும்” என்று சொல்லாதீர்கள். கை எங்கே போகும், எவ்வளவு நேரம் இருக்கும், எது வேண்டாம் என்பதை, வாய்விட்டு மறுக்கத் தயங்குகிறவர்களும் சொல்ல முடிகிற மாதிரி, ஒத்திகை ஆசிரியரும் உடனிருக்கப் பேசி முடிவெடுக்க வேண்டும். தூக்கும் இடங்களை அப்படித்தானே செய்கிறோம்? பேசி முடிவெடுத்த முத்தம்தான் மேடையில் இயல்பாகத் தெரிகிறது. இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காயப்படுத்திவிடக் கூடாதே என்ற கவனத்திலேயே நிற்போம், அது கடைசி வரிசைக்கும் தெரியும்.

ஒத்திகைக்கூடத்துக்கும் பியானோ வாசிப்பவருக்கும் செலவாகும், தெரியும். காயம் பட்டால் கடைசி நாளில் ஜோடி மாறும், அதையும் யாராலும் தடுக்க முடியாது. நான் கேட்பது அவசரங்களைப் பற்றி இல்லை, நீங்கள் நிதானமாக உட்கார்ந்து போடும் அட்டவணையைப் பற்றி. வேடப் பட்டியல் ஒட்டும் அன்றே ஜோடிகளையும் ஒட்டிவிடுங்கள். முழு ஒத்திகைகள் தொடங்கும் முன், வாரத்தில் ஒரு வேளையாவது இருவரையும் ஷூ மாட்டாமல், குதிக்காமல், நடக்கவும் பார்க்கவும் உட்காரவும் விடுங்கள். அந்த வேளையில் நீங்களும் வந்து உட்காருங்கள். எந்த முடிவு நன்றாக இல்லை என்று எங்களிடம் சொல்ல ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
ஆல்பிரெக்ட் ஆடும் ஒருவன்