ஏழு வார்த்தைகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் கொடுங்கள்

வேலூர் நகரத் திருச்சபைகளின் ஆயர்களுக்கும், குருசேகரக் குழுவினருக்கும், கொயர் மாஸ்டர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

அடுத்த பெரிய வெள்ளிக்கு யார் யார் பேசுவது என்று நீங்கள் முடிவு செய்வதற்கு முன்பே இதை எழுதிவிட நினைத்தேன். நோட்டீஸ் அச்சாகிவிட்டால் ஒரு பெயரைக்கூட எடுக்க முடியாது, யார் மனமாவது நோகும். கமிட்டியில் கொஞ்ச காலம் உட்கார்ந்தவன் என்பதால் அந்தச் சங்கடம் எனக்கும் தெரியும்.

பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நடக்கும் மும்மணி ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் பேசுகிறார்கள். அடுத்த முறை ஒரே ஒரு வருஷம், ஒவ்வொருவரும் ஐந்து நிமிஷத்தோடு முடித்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு வார்த்தைக்குப் பிறகும் நான்கு பேர் உட்கார்ந்து கம்பி வாத்தியங்களில் ஏழெட்டு நிமிஷம் வாசிக்கட்டும். மைக் வேண்டாம். வாசித்து முடித்ததும் யாரும் எழுந்து விளக்கமும் சொல்ல வேண்டாம். இவ்வளவுதான் என் வேண்டுகோள்.

இது நான் கண்டுபிடித்த புதுமை அல்ல. நாம் நடத்தும் இந்த மூன்று மணி நேர தியானமே தென் அமெரிக்காவின் லிமா நகரில் ஏசு சபைக் குருமார் தொடங்கி வைத்தது. அங்கிருந்து கடல் தாண்டி, கத்தோலிக்கரிடமிருந்து நம்மிடம் வந்து சேர்ந்து, இப்போது நம் சொத்தாகவே ஆகிவிட்டது. ஸ்பெயினில் காதிஸ் என்ற துறைமுக ஊரில் இதே ஆராதனைக்காக 1780-களில் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹேடனிடம் இசை கேட்டார்கள். அது எப்படி நடந்தது என்று ஹேடனின் முன்னுரையே சொல்கிறது. கோயிலின் சுவர், சன்னல், தூண் எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் மூடிவிடுவார்கள். நடுவில் ஒரே ஒரு விளக்கு. நடுப்பகலில் கதவைச் சாத்திவிடுவார்கள். பிஷப் மேடை ஏறி முதல் வார்த்தையைச் சொல்லி, அதைப் பற்றிக் கொஞ்சம் பேசி, இறங்கி வந்து பீடத்தின் முன்னால் முழங்காலில் நிற்பார். அப்போது இசை. பிறகு இரண்டாம் வார்த்தைக்கு மேடை ஏறுவார்.

பிரசங்கம் செய்தவரே இறங்கி வந்து முழங்கால் போடும் அந்த இடத்தைத்தான் நாம் விட்டுவிட்டோம். நம் ஆராதனையில் பேசியவர் நாற்காலிக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிறார், அடுத்தவர் மைக்கைத் தட்டிப் பார்க்கிறார். 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்ற கேள்விக்கு அரை மணி நேரம் பதில் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தக் கேள்விக்குச் சிலுவையில் தொங்கியவருக்கே அப்போது பதில் கிடைக்கவில்லை.

ஹேடன் எழுதியது மெதுவாக நகரும் ஏழு பகுதிகள், முன்னால் ஒரு முகப்பு, கடைசியில் பூமி அதிர்ச்சி. கேட்பவரைச் சலிக்க விடாமல் வரிசையாக ஏழு மந்தமான பகுதிகளை எழுதுவது லேசான வேலை இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். முதலில் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியதை 1787-இல் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நால்வருக்கு மாற்றினார். நான் கேட்பது இந்த வடிவத்தைத்தான். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் முதல் வயலினின் வரிக்குக் கீழே அந்தந்த வார்த்தையின் லத்தீன் மூலம் அச்சிடப்பட்டிருக்கும். யாரும் பாடுவதில்லை. ஆனால் ராகம் பிறந்தது அந்த அசைகளில்தான்.

ஐந்தாம் வார்த்தை வரும்போது கவனியுங்கள். 'தாகமாயிருக்கிறேன்.' கீழே மற்ற வாத்தியங்கள் வில்லை விட்டுவிட்டு விரலால் கம்பியைச் சுண்டுகின்றன, சொட்டுச் சொட்டாக. மேலே வயலினில் இரண்டே ஸ்வரம், இறங்கி நிற்கிறது. அப்புறம் திடீரென்று எல்லாம் சேர்ந்து கொதிக்கிறது. இதை வேலூரில், ஏப்ரல் வெயிலில், மதியம் ஒன்றரை மணிக்குக் கேட்பதைப் போல் வேறெங்கும் கேட்க முடியாது என்பது என் எண்ணம். தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைக் கேலி செய்வார்கள் இல்லையா? கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் 1981-இல் திரும்பி வந்துவிட்டார். பாலாறு 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியது, பிறகு பழையபடி மணல்தான். தாகத்தைப் பற்றி நமக்கு யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

பெரிய வெள்ளியோடு நிறுத்த வேண்டாம் என்றும் கேட்கிறேன். லெந்து என்னும் தவக்கால நாட்களில் வாரம் ஒரு சாயங்காலம், ஏதாவது ஒரு சிறிய கூடத்தில் முப்பது நாற்பது பேர் கூடலாம். கோட்டைக்குள் இருக்கும் 1846-ஆம் வருஷத்து யோவான் ஆலயம் போன்ற ஓர் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஓர் இறையியலாளரின் இரண்டு பக்கத்தை யாராவது வாசிக்கட்டும், ஓர் இசையைக் கேட்போம், வேண்டுமானால் பேசுவோம். விசுவாசம் இருப்பவர், இல்லாதவர், இருந்து போனவர், யாரும் வரலாம். முடிவில் கை தூக்கச் சொல்லக் கூடாது, காணிக்கைத் தட்டும் வரக் கூடாது.

இந்த ஊரில் அதற்குத் தேவை இருக்கிறது. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரு படுக்கையோடு தொடங்கிய சிஎம்சி மருத்துவமனைக்கு இன்று வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். காந்தி ரோட்டுப் பக்கம் எத்தனையோ கடைகளின் பெயர்ப்பலகையில் வங்காள எழுத்து. லாட்ஜ் அறையில் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டு, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் அந்தக் குடும்பங்களில் சிலர் சாயங்காலம் கோயில் வாசலில் வந்து நிற்பதைப் பார்க்கிறேன். உள்ளே நடக்கும் தமிழ் அவர்களுக்குப் புரியாது. வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று அந்த நேரத்தில் அவர்களைவிடத் தீவிரமாகக் கேட்பவர்கள் இந்த ஊரில் யார்? நம்மிடம் அவர்களுக்குக் கொடுக்க இருப்பது இந்தியில் அச்சிட்ட ஒரு கைப்பிரதி. சொல் இல்லாத இசையை அவர்களும் நம்மோடு சமமாக உட்கார்ந்து கேட்கலாம்.

அவர்களுக்காக நான் தேர்ந்தெடுப்பது ஜெர்மன் இசையமைப்பாளர் பேத்தோவன். 1825 ஏப்ரலில் குடல் நோயில் படுத்தார். டாக்டர் வைனையும் காபியையும் நிறுத்தச் சொன்னார். காது ஏற்கெனவே போய்விட்டிருந்தது. எழுந்த பிறகு கம்பி வாத்தியக்காரர் நால்வருக்கான ஏ மைனர் குவார்ட்டெட்டின் நடுப்பகுதியை எழுதி, நோயிலிருந்து மீண்டவன் தெய்வத்துக்குச் செலுத்தும் புனிதமான நன்றிப் பாட்டு, லிடியன் என்ற பழைய ஸ்வர முறையில், என்று தலைப்பிட்டார். ஏறக்குறைய கால் மணி நேரம் ஓடும். ஆரம்பத்தில் பழைய கோயில் பாட்டு மாதிரி மிக மெதுவான ஒரு நடை. பிறகு 'புதிய பலம் உணர்கிறேன்' என்று குறிப்பிட்டு ஒரு துள்ளல். பிறகு மறுபடி அந்த மெதுவான பாட்டு, மறுபடி துள்ளல், மறுபடி பாட்டு.

நம் சபைகளில் சாட்சி சொல்பவர்களை நினைத்துப் பாருங்கள். வியாதி வந்தது, டாக்டர் கைவிரித்தார், ஜெபித்தோம், சுகம். நேர்கோடு. பேத்தோவனின் சாட்சி அப்படி ஓடுவதில்லை. பலம் வந்த பிறகும் அவர் பலவீனத்தில் பாடிய பாட்டுக்கே திரும்புகிறார். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் குரல்கள் இன்னும் அதிகமாகப் பிரிந்து, இன்னும் ஆழமாகப் பின்னிக்கொள்கின்றன. துள்ளலில் முடித்திருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும், அவர் அங்கே முடிக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் கழித்து செக்கப்புக்கு வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது புரியும். சுகம் என்பது பயம் போய்விடுவது இல்லை.

கொயர் மாஸ்டர்கள் இங்கே குறுக்கிடுவார்கள்: 'எல்லாம் வெள்ளைக்காரன் சங்கீதமா? நம் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை என்ன ஆச்சு?' நியாயமான கேள்வி. கீர்த்தனைகளை யாரும் தள்ளவில்லை. அவற்றில் சொல் இருக்கிறது, அதுதான் அவற்றின் பலம். நான் கேட்பது சொல் ஓய்கிற இடம். அப்புறம் லிடியன் என்கிறோமே, அதன் ஸ்வரங்கள் நம் மேசகல்யாணியின் ஸ்வரங்கள்தான். வயலினோ பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலேயே நம் மேடைக்கு வந்துவிட்டது. தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர், ஒரு கிறிஸ்தவர், 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்று அத்தனை பெரிய நூலை எழுதி சுருதிகளை ஆராய்ந்தபோது, எது யாருடைய சங்கீதம் என்று வேலி போட்டுக்கொண்டு உட்காரவில்லை. ஹேடன் வேண்டாமென்று தோன்றினால் வேண்டாம். ஏழு வார்த்தைக்கு ஏழு ராகம் எடுத்து, வீணையும் வயலினும் வெறும் ஆலாபனையாக வாசிக்கட்டும். நாலாம் வார்த்தைக்கு என்ன ராகம் என்று நாம் சண்டை போடுவதே நல்ல இறையியல் வகுப்பாக இருக்கும். ஆனால் ஜெபத்துக்குப் பின்னணியாகக் கீபோர்டில் சோகக் கார்டை அழுத்திப் பிடிப்பதை மட்டும் இசை என்று சொல்லாதீர்கள். கேட்பவன் எப்போது அழ வேண்டும் என்று அது கட்டளை போடுகிறது.

இறையியல் எதற்கு, இசை மட்டும் போதாதா என்று இளைஞர்கள் கேட்கலாம். போதாது. வெறும் இசை ஒருவனை அவனுடைய உணர்ச்சிக்குள்ளேயே சுற்ற விட்டுவிடும். இறையியலாளர் கார்ல் பார்த் தினமும் காலையில் மோசார்ட்டைக் கேட்டுவிட்டுத்தான் எழுதப் போவார். ஆனால் போய் எழுதினார். என்னைப் பிடித்து உலுக்கியது ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிச் போன்ஹெஃபரின் ஒரு கடிதம். ஹிட்லரின் ஆட்சியில் பெர்லினின் டேகல் சிறையிலிருந்து 1944 மே 20 அன்று நண்பருக்கு எழுதியது. அவர் பியானோ நன்றாக வாசிப்பார். கடவுளை முழு மனதோடு நேசிப்பது என்றால் மற்ற அன்புகளைச் சுருக்கிக்கொள்வது இல்லை என்கிறார். பல குரல் இசையில் அடித்தளமாக ஒரு குரல் இருக்கும். அது உறுதியாக இருந்தால் மற்றக் குரல்கள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் விரியலாம். கடவுள் மேல் உள்ள அன்பு அந்த அடித்தளக் குரல், மனைவி, நண்பர், வேலை, ஆசை எல்லாம் அதன்மேல் ஓடும் குரல்கள். கிறிஸ்துவின் தெய்வீகமும் மனிதமும் பிரியாமலும் கலந்துவிடாமலும் இருப்பதாக 451-இல் கால்சிடோனில் கூடிய திருச்சபைச் சங்கம் சொன்னதை அவர் இந்த இசையோடு இணைக்கிறார். அடுத்த வருஷம் ஏப்ரல் 9-இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்தச் சில வரிகளை வாசித்துவிட்டு ஒரு குவார்ட்டெட்டை நேரில் கேட்டால், கால்சிடோன் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த விஷயமாக இருக்காது. கொயரில் பேஸ், அதாவது அடிக்குரல், பாடுகிறவன் நான். எங்கள் வரி தனியாகக் கேட்டால் ஒன்றுமில்லை. அதனால் இந்தக் கடிதத்தில் எனக்குக் கொஞ்சம் சொந்தப் பெருமையும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிறை என்றதும் நம் தொரப்பாடி மத்திய சிறையை விட்டுவிட முடியாது. சிறை ஊழியத்துக்குப் போகும் உங்களுக்காக இதையும் சொல்கிறேன். பாரிஸில் கோயில் ஆர்கன் வாசித்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியான், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகி கோர்லிட்ஸ் முகாமில் இருந்தபோது கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ என்று கையில் கிடைத்த நால்வருக்கு எட்டுப் பகுதிகள் எழுதினார். 1941 ஜனவரி 15 அன்று, கடும் குளிரில், கைதிகளும் காவலர்களும் சேர்ந்து கேட்டார்கள். வெளிப்படுத்தின விசேஷம் பத்தாம் அதிகாரத்தில் தூதன் கையை உயர்த்தி 'இனி காலம் செல்லாது' என்று சொல்வதுதான் அதன் மூலம். நாட்களை எண்ணிக்கொண்டு கிடக்கிறவர்களுக்கு நடுவில் வைத்து அந்த வசனத்தை எடுத்தார். அதில் இயேசுவின் நித்தியத்தைப் புகழும் பகுதியை செல்லோவும் பியானோவும் மட்டும் வாசிக்கும். அளவே இல்லாத மெதுவில் வாசிக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். அதை ஒரு சாயங்காலம் கேட்டுவிட்டு, அடுத்த முறை நீங்கள் தொரப்பாடிக்குள் போகும்போது என்ன பேசுவீர்கள் என்று அறிய ஆசை.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். கம்பி வாத்தியக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். சினிமாப் பதிவில் வாசிப்பவர்கள், கேஎம் இசைக் கல்லூரியில் படித்தவர்கள். காட்பாடி வரை ரயில் இருக்கிறது. நியாயமான ஊதியம் கொடுங்கள், 'கர்த்தருக்காக' என்று சொல்லிக் குறைக்காதீர்கள். ஃப்ளெக்ஸ் பேனரையும் கூடுதல் ஸ்பீக்கர் வாடகையையும் ஒரு வருஷம் நிறுத்தினால் பெரும்பகுதி தேறிவிடும் என்பது என் கணக்கு. பிள்ளைகள் நெளிவார்கள், நெளியட்டும். இப்போது மட்டும் நெளியாமலா இருக்கிறார்கள்?

பேசும் வாய்ப்பு குறைகிறதே என்று வருத்தப்படக்கூடிய பெரியவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், ஐயா. ஐந்து நிமிஷத்துக்குத் தயார் செய்வது அரை மணி நேரத்துக்குத் தயார் செய்வதைவிடக் கஷ்டம். அதை உங்களால்தான் செய்ய முடியும்.

குருசேகரக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லுங்கள். 'பார்க்கலாம்' மட்டும் வேண்டாம். ஆம் என்றால் வாத்தியக்காரர்களிடம் பேசுவது, இரவு தங்க வைப்பது, நாற்காலி போடுவது, மூன்று மணிக்கு மேல் கஞ்சி ஊற்றுவது எல்லாவற்றுக்கும் எங்கள் பேஸ் வரிசை தயார். லெந்து சாயங்காலங்களுக்கு முதல் இரண்டு பக்கத்தை நானே தமிழில் தட்டச்சு செய்து கொண்டு வருகிறேன். ஆயர்களில் யார் முதலில் வாசிப்பது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கொயரின் பின்வரிசையில் நிற்கும் ஒருவன்,
வேலூர்