முன்பதிவுப் பணம் என்ற பெயரில் வரும் கிரிப்டோ தூண்டில்

ஆசிரியருக்கு,

வணக்கம். சுற்றுலாத் துறையில் நடக்கும் கிரிப்டோ மோசடி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, பணம் போட்டு ஏமாந்த பயணிகளோடு நின்றுவிட்டது. பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், கலாசிபாளையம் பக்கம் டிராவல்ஸ் நடத்தும் நம்மவர்களை இது வேறு வாசல் வழியாகப் பிடிக்கிறது. அவர்களிடம் மோசடிக்காரன் கேட்பது முதலீடு அல்ல, நடப்புக் கணக்கு.

டிராவல்ஸ் கணக்கில் முன்பின் தெரியாதவர்களிடமிருந்து, பல ஊர்களிலிருந்து, 40,000, 60,000 என்று தினமும் பணம் விழுவது சகஜம். வங்கிக்கு எளிதில் சந்தேகம் வராது. அதனால்தான் இந்தக் கணக்குக்கு இத்தனை கிராக்கி. ‘வெளிநாட்டு விருந்தினர்களின் அட்வான்ஸ் உங்கள் கணக்குக்கு வரும். இரண்டு சதவீதத்தை எடுத்துக்கொண்டு, மீதிக்கு யு.எஸ்.டி.டி. வாங்கி இந்த வாலட்டுக்கு அனுப்புங்கள்’ என்பார்கள். யு.எஸ்.டி.டி. என்பது டாலர் மதிப்போடு இணைத்த கிரிப்டோ நாணயம், வாலட் என்பது அதை வைக்கும் டிஜிட்டல் பெட்டி. வருவது அட்வான்ஸே அல்ல. வேறு ஏதோ ஊரில் ஏமாந்தவரின் பணம். அவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் புகார் செய்ததும் அந்தத் தொகைக்கு லீன் விழும், அதாவது எடுக்க முடியாதபடி வங்கி நிறுத்திவைக்கும், சில சமயம் கணக்கே முடங்கும். டீசலுக்கும் டிரைவர் சம்பளத்துக்கும் வைத்திருந்த பணமும் அதோடு நிற்கும். பிறகு வெளிமாநிலக் காவல் நிலையத்திலிருந்து நோட்டீஸ் வரும்.

இதிலேயே நயமான வகை ஒன்று உண்டு. ஐந்து நாள் மைசூர்–ஊட்டி பேக்கேஜுக்கு 80,000 ரூபாய் போடுவார்கள். மறுநாளே ரத்து. ‘5,000 நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மீதியை யு.எஸ்.டி.டி.யாகத் தாருங்கள்’ என்று தாராளம் காட்டுவார்கள். எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு, வங்கி வழியாக மட்டுமே திருப்ப வேண்டும். அதற்கு அவர்கள் மறுத்தால் அங்கேயே சந்தேகப்படலாம். விருந்தினர் ஒரு பெயர், பணம் அனுப்பியவர் வேறு பெயர் என்பது இன்னொரு அறிகுறி. நிஜமான சவாரிக்கு அடையாளச் சான்று, பயணத் தேதி, ட்ரிப் ஷீட், வண்டி எண் போட்ட பில் எல்லாம் இருக்கும். இவை இல்லாமல் வந்த பணத்தைத் தொடவே கூடாது.

டிரைவர்களுக்கு விரிக்கும் வலை வேறு. சீசன் இல்லாத மாதங்களில் டெலிகிராமில் வரும்: ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டால் ஒன்றுக்கு 50 ரூபாய். முதல் 150, 200 உண்மையாகவே வந்துவிடும். அடுத்தது ‘முன்பணப் பணி’: 1,000 கட்டினால் 1,300. அதற்கு மேல் யு.எஸ்.டி.டி.யில் கட்டச் சொல்வார்கள். குழுவில் லாப ஸ்கிரீன்ஷாட் போடுபவர்களில் பெரும்பாலோர் அவர்கள் ஆட்கள்தான். 2023 டிசம்பரில் மத்திய அரசு இப்படிப்பட்ட 100-க்கும் மேற்பட்ட தளங்களை முடக்கியது. பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி வருகிறார்கள்.

ரிசார்ட் பெயரில் ‘ரிசார்ட் டோக்கன்’ என்று கிரிப்டோ விற்பவர்கள் நாளுக்கு ஒரு சதவீத லாபம் என்பார்கள். இருபது லட்சம் போட்டு வண்டி வாங்கி ஓட்டுபவருக்குச் செலவு போக நாளுக்கு 20,000 ரூபாய் நிற்குமா? ஒரு சதவீதம் என்பது அந்தக் கணக்குத்தான். ஆள் சேர்த்தால் கமிஷன் என்றால் இன்னும் ஆபத்து. 1978-ஆம் ஆண்டுப் பணச் சுழற்சித் தடைச் சட்டத்தின்படி இப்படி ஆள் சேர்த்துப் பணம் சுழற்றும் திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, உறுப்பினராகச் சேர்வதும் குற்றம். ஜி.எஸ்.டி. எண், உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றிதழ், கம்பெனிப் பதிவு என்று லேமினேட் செய்து காட்டுவார்கள். இவற்றில் எதுவும் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி ஆகாது. சுற்றுலா அமைச்சக அங்கீகாரமும் அப்படியே.

பணத்தை எடுக்கப் போகும்போதுதான் வேஷம் கலையும். திரையில் எட்டு லட்சம் தெரியும். எடுக்க வேண்டுமானால் ‘30 சதவீத வரியை முதலில் எங்களிடம் கட்டுங்கள்’ என்பார்கள். கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி இருப்பது உண்மை. அந்த உண்மையைச் சொல்லித்தான் நம்பவைக்கிறார்கள். ஆனால் அந்த வரியை வருமான வரித் துறைக்கு நாமே கட்டுகிறோம். விற்கும்போது ஒரு சதவீத டி.டி.எஸ். தரும் தொகையிலேயே பிடிக்கப்படும், வருமான வரித் துறையின் தளத்தில் நம் பெயரில் தெரியும். எடுப்பதற்கு மேலும் பணம் கேட்கும் தளத்தில் திரையில் தெரிவது வெறும் எண். சோதித்துப் பார்க்க, மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவான எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) ஒன்றில் உங்கள் பெயரில் உள்ள வாலட்டுக்குப் பாதித் தொகையை மாற்றச் சொல்லுங்கள். சின்னத் தொகையை நம்பிக்கைக்காக விடுவார்கள், பாதியை விடமாட்டார்கள். பிளே ஸ்டோரில் இல்லாமல் ஏபிகே கோப்பாக நேரடியாக அனுப்பும் செயலியை நிறுவவே வேண்டாம்.

பணம் போனது தெரிந்தால் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். உடனே 1930, பிறகு சைபர் கிரைம் இணையதளம், பகுதியில் சைபர் குற்றங்களைக் கவனிக்கும் காவல் நிலையம். டெலிகிராமில் எதிராளி உரையாடலை இருபக்கமும் அழித்துவிட முடியும். ஆகவே அவனிடம் சண்டை போடுவதற்கு முன் பயனர் பெயர், வாலட் முகவரி, பரிவர்த்தனை ஹாஷ் (கிரிப்டோ பரிவர்த்தனையின் அடையாளக் குறி), யு.டி.ஆர். எண் (வங்கிப் பரிவர்த்தனை எண்) நான்கையும் படம் எடுத்து வையுங்கள். புகார் கொடுத்த பிறகு ‘பத்து சதவீதம் தந்தால் மீட்டுத் தருகிறோம்’ என்று அழைப்பவர்களும் பெரும்பாலும் அதே கும்பல்தான்.

இப்படிக்கு,
டிராவல்ஸ் நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதும் வாசகர்,
அல்சூர், பெங்களூரு