தைராய்டு மாத்திரை போடுறியா, பாப்பா?

காரைக்குடி
ஞாயிற்றுக்கிழமை

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறேன். போன் பண்ணினா "நல்லா இருக்கேம்மா, அப்புறம் பேசுறேன்"னு வச்சிடுறே. அந்த அப்புறம் வரவே மாட்டேங்குது. மாப்பிள்ளை சௌக்கியமா? அப்பாவுக்குச் சுகர் பரவாயில்லை. இங்க மழை இல்லை.

தைராய்டு மாத்திரையைப் போடுறியா? மாசியில் நான் வாங்கிக் கொடுத்த டப்பா, சித்திரையில் வந்தப்பவும் சீல் உடையாம இருந்தது. அத்தைக்கு மட்டும் காலை, மதியம், ராத்திரின்னு கிழமை வாரியா அடுக்கி வச்சிருந்தே. பார்க்கப் பெருமையாத்தான் இருந்தது. அன்னிக்குச் சாயங்காலம் அவங்க கட்டைப்பையோட வாசல்ல நின்னு "எங்க வீட்டுக்குப் போகணும்"னாங்க. நாலு தடவை பதில் சொன்னே. அஞ்சாவது தடவை சொல்லலை. அடுப்பில் பால் பொங்கி வழியுது, நீ அதைப் பார்த்துக்கிட்டே நிக்கிறே. நான்தான் வந்து அணைச்சேன்.

பொழுது சாஞ்சா குழப்பம் கூடுறது அந்த மறதி நோயோட குணம். அஞ்சு மணிக்கே லைட்டைப் போட்டுடு. வாதாடாதே, தெருமுனை வரைக்கும் கூட்டிட்டுப் போய்த் திரும்பி வா. உனக்குத் தெரியாததையா சொல்றேன்? இதெல்லாம் செஞ்சவதானே நீ. இப்ப முடியலை.

அப்படி நின்னவதான் நானும். உங்க அப்பத்தாவை நான் அடிச்சிருக்கேன்.

1997ல. டிமென்ஷியான்னு யாரும் சொல்லலை, வயசானா புத்தி பிசகும்னாங்க. மூணு மாசமா ராத்திரித் தூக்கம் இல்லை. அவங்க குரல் கேட்டாலே வயித்தைப் பிசையும். விளக்கேத்தும்போது, சீக்கிரம் கூட்டிக்கோன்னு வேண்டியிருக்கேன். கெட்டவளாகிட்டேன்னு நினைச்சேனே தவிர, ஓஞ்சு போயிட்டேன்னு புரியலை. ஒருநாள் தலையணை உறைக்குள்ள சோத்தை ஒளிச்சு வச்சிருந்தாங்க. கையில் ஓங்கி அடிச்சேன், என் வளையல் தடம் பதிஞ்சது. அஞ்சு நிமிஷத்துல "யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருப்பே"ன்னு, அடிச்ச கையையே தடவிக் கொடுத்தாங்க.

ஊரே "மாமியாரை இவ மாதிரிப் பார்க்க முடியுமா"ன்னுச்சு. நானும் தலையாட்டினேன். உன் கல்யாணத்தன்னிக்கும் அந்தக் கதையைத்தானே சொல்லி அனுப்பினேன். இதை விட்டுட்டேன்.

14416க்குப் போன் பண்ணு. டெலி மனாஸ்னு அரசாங்கத்தோடது, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். உன் நாத்தனாரை மாசத்துல ஒரு வாரமாவது வந்து தங்கச் சொல்லு. அவளைப் பெத்தவங்கதானே? மாத்திரையைப் போடு, வெறும் வயித்துல.

வியாழக்கிழமை பல்லவன்ல வர்றேன், பத்து நாள் இருப்பேன். அத்தை ரூம்ல நான் படுத்துக்கிறேன். நீ கதவைச் சாத்திட்டுத் தூங்கு. ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம், ஆட்டோ பிடிச்சுக்கிறேன்.

அம்மா